பாயோடு கோர்ட்டுக்கு வந்தவர்

புளியந்தீவுக் கோர்ட்டுக்கு எதிரே நான் தேநீர்க்கடை வைத்திருந்தபோது ஓர் அப்புக்காத்து தினமும் வருவார். கறுப்புக் கோட்டின் பொத்தானைப் பூட்டவிடாத தொந்தி. கக்கத்தில் சுருட்டிய பன்பாய். வாய்க்காலை மறித்ததாகப் பிடிபட்ட வயல்வட்டை விவசாயிகளுக்காக அவர் வாதாடிக்கொண்டிருந்தார்.

“என்னத்துக்கு ஐயா பாய்?” என்று கேட்டேன்.

“வழக்கை விடாட்டி என்னையும் உள்ளுக்குப் போடுவாராம் இன்ஸ்பெக்டர். வழக்கை விட ஏலாது. வெறுந்தரையில படுக்கவும் ஏலாது” என்று தேநீரை ஊதினார்.

ஒரு காலையில் அவரைப் பிடித்து அடைத்தே விட்டார்கள். மத்தியானத்துக்குள் அந்த விவசாயிகளின் ஊர்ச்சனம் முழுவதும் ஆளுக்கொரு பாயோடு வந்து பொலிஸ் வாசலில் விரிக்கத் தொடங்கியது.

“ஐயா கிடக்கிற இடத்திலதான் நாங்களும் கிடப்பம்” என்றார்கள். பெண்கள் அடுப்புக்குக் கல் தேடினார்கள். பொழுது சாயுமுன் இன்ஸ்பெக்டர் அவரை விட்டுவிட்டார்.

சனம் குரவையிட, நேரே என் கடைக்கு வந்தார். கக்கம் வெறுமையாக இருந்தது.

“பாய் எங்க ஐயா?”

“உள்ள ஒரு மனுசன் தரையில கிடந்தான். குடுத்திட்டன். அவன்ட வழக்கையும் நான்தான் பேசப்போறன்.”

மறுநாள் காலை புதுப்பாயோடு வந்தார். இம்முறை தலையணையும் இருந்தது.