முத்திரை அத்தானும் முப்பத்தாறு கிறிஸ்துமஸ் அட்டைகளும்

என் அக்காவின் கணவர் முப்பத்து நாலு வருடம் தபால் நிலையத்தில் முத்திரை அடித்தவர். மைப் பட்டையில் ஒரு டொக், கடிதத்தின் மேல் ஒரு டொம். சொந்தக்காரர்கள் மத்தியில் அவருக்கு முத்திரை அத்தான் என்றே பெயர். மே மாதக் கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். அவருடைய வலது கைக்கு மட்டும் யாரும் அந்தச் செய்தியைச் சொல்லவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் உப்பு டப்பா டொக், தண்ணீர் டம்ளர் டொம். மாடியில் குடியிருக்கும் எனக்கு, கீழே மனிதர் எத்தனை தடவை தண்ணீர் குடித்தார் என்பது அத்துப்படி.

விடைபெற்ற அன்று, கூட வேலை பார்த்தவர்கள் அவருடைய முத்திரையைப் போலவே ரப்பரில் ஒன்று செய்து பரிசாகக் கொடுத்தார்கள். அது டிவி பக்கத்தில் இருந்தது. தினமும் துடைத்து வைப்பார், அடித்துப் பார்த்ததில்லை. அவருக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. முப்பத்து நாலு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் தப்பான தேதியை அடித்ததில்லை. காலையில் முத்திரையில் தேதியை மாற்றிவிட்டுத்தான் சட்டைக் கையை மடிப்பாராம். இந்தக் கதையை நான் நாற்பது தடவை கேட்டிருக்கிறேன், நாற்பது தடவையும் "அப்படியா அத்தான்!" என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளைக் கையால் செய்கிறவள். ஊருக்கெல்லாம் டிசம்பரில் வருகிற கிறிஸ்துமஸ் அவளுக்கு ஆகஸ்டிலேயே வந்துவிடும். ஜன்னலோரம் ஒரு பெரிய மேசை. அதன்மேல் ரப்பர் அச்சுகள், மைப் பட்டைகள், உருவம் துளையிட்ட ஸ்டென்சில் தகடுகள், டைகள். டை என்பது மெல்லிய எஃகு வெட்டு அச்சு. அதைக் காகிதத்தின் மேல் வைத்து, கைப்பிடி சுற்றும் உருளை இயந்திரத்துக்குள் விட்டு எடுத்தால், நட்சத்திரமோ பனிப்பூவோ கச்சிதமாக வெட்டுப்பட்டு வரும். வீடு முழுக்க மினுமினுப்புத் தூள். அக்கா வீட்டுத் துண்டில் முகம் துடைத்துவிட்டு ஆபீஸ் போய், "என்ன, முகம் ஜொலிக்குதே, ஏதாவது விசேஷமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே நான் களைத்துப் போனேன்.

அந்த மேசைக்கு இரண்டு நாற்காலிகள். வலது பக்கம் அக்கா. இடது பக்கம் ரிப்பன் பெட்டி. ஓய்வு பெற்ற அத்தானுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்ததெல்லாம் அந்த இடது பக்க நாற்காலிதான். வாய்விட்டுக் கேட்க மாட்டார். பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வருவார். தனக்கு வரவேண்டிய பதவி உயர்வைத் தட்டிக்கொண்டு போன சக ஊழியரைப் பார்ப்பது போல ரிப்பன் பெட்டியைப் பார்ப்பார்.

செப்டம்பரில் ஒரு நாள் அக்கா மனமிரங்கினாள். பெட்டியைக் கீழே இறக்கிவிட்டு, கலைமான் அச்சை அவர் கையில் கொடுத்தாள்.

"மெதுவா வெச்சு, மெதுவா எடுக்கணும். புரியுதா?"

"எனக்கா சொல்ற?" என்றார் அத்தான். உட்கார்ந்தார், மணிக்கட்டை இரண்டு தடவை சுழற்றினார். டொக். டொம்.

மேசை அதிர்ந்ததில் தூள் டப்பா கவிழ்ந்தது. பசை பாட்டில் உருண்டு என் மடியில் விழுந்தது. கலைமானுக்கு எட்டுக் கால் முளைத்திருந்தது. அச்சுக் கட்டையின் விளிம்பும் சேர்ந்து பதிந்ததில், பாவம், அது ஜன்னல் சட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது போல முழித்தது.

"இது என்னங்க, மானா சிலந்தியா?"

"மை கொஞ்சம் கூடிப்போச்சு."

"மை சரியாத்தான் இருக்கு. கைதான் சரியில்ல. எந்திரிங்க."

ரிப்பன் பெட்டி மறுபடியும் பதவியேற்றது. அத்தானுக்கு சோபாவில் வேறு வேலை கிடைத்தது. டையில் வெட்டி வருகிற பனிப்பூவில், விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் கடுகளவு காகிதத் துணுக்குகளை ஊசியால் குத்தித் தள்ள வேண்டும். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, மூன்று மாதத்தில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய முடித்தார். ஒரு பூவில்கூட ஒரு துணுக்கு மிச்சமில்லை. அதை யாரும் பாராட்டவுமில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் பிறந்ததும், கடைத்தெருவில் எழுதுபொருள் கடை வைத்திருக்கும் ஒரு கடைக்காரம்மா அக்காவிடம் முப்பத்தாறு அட்டைகள் கேட்டார். வியாழக்கிழமை நாலு மணிக்குள் வந்தால் கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் வைப்பாராம். தாமதமானால் அந்த இடம் பலூன்காரருக்குப் போய்விடும். அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பழைய மாடல் எதுவும் வேண்டாம் என்று புதிதாக யோசித்தாள். தபால்தலையைப் போல ஓரமெல்லாம் பல் பல்லாக வெட்டுகிற ஒரு டை வாங்கியிருந்தாள். அதில் வெட்டிய காகிதத்தில் ஒரு பனிமனிதனை அச்சடித்து, பின்னால் ஸ்டென்சில் வழியாக வெளிர்நீல மை தேய்த்து, அட்டையின் வலது மேல் மூலையில் ஒட்டினாள். மூலையில் ஒட்டியதுதான் வினையாகப் போயிற்று.

வியாழக்கிழமை காலை முப்பத்தாறும் மேசைமேல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. உறை வாங்க அக்காவும் நானும் கிளம்பினோம்.

"மேசைப் பக்கம் போயிடாதீங்க."

"எனக்கென்ன அங்க வேலை?" என்றார் அத்தான் பேப்பருக்குள்ளிருந்து.

திரும்பி வரும்போது மணி இரண்டு. கதவைத் திறப்பதற்கு முன்பே சத்தம் கேட்டது. டொக், டொம். டொக், டொம். இந்த மனிதருக்கு இவ்வளவு தாகமா என்றுதான் முதலில் நினைத்தேன்.

ரிப்பன் பெட்டி தரையில் இருந்தது. இடது பக்க நாற்காலியில் அத்தான். சட்டைக் கை முழங்கை வரை மடித்திருந்தது. டிவி பக்கத்தில் இருந்த ரப்பர் முத்திரை அவர் கையில். ஆறு மாதமாக நான் பார்க்காத ஒரு நிம்மதி அவர் முகத்தில். கடைசி அட்டையை அடித்து ஓரமாக நகர்த்திவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லாம் முடிச்சாச்சு. ஒண்ணுகூட பாக்கி இல்ல."

முப்பத்தாறு பனிமனிதர்களின் இடது தோள்மீதும் கன்னங்கரேலென்று வட்ட முத்திரை, பக்கத்தில் அலை அலையாக நாலு கோடு. அக்காவின் கையிலிருந்த உறைக் கட்டு நழுவிக் கீழே விழுந்தது.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"முத்திரை விழாத தபால்தலைய அப்படியே விடலாமா? எவனாவது பிச்சுத் திரும்ப ஒட்டிடுவான்."

"இது தபால்தலையா? உள்ள பனிமனுஷன் நிக்கிறான், கண்ணு தெரியல?"

"உள்ள யாரு வேணா நிக்கட்டும். ஓரத்துல பல்லு இருக்கா இல்லையா? மேல் மூலையில இருக்கா இல்லையா?"

அக்கா கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் இரண்டும் திறந்தன. இத்தனை நாள் உழைப்பு, கடைக்காரம்மாவுக்கு என்ன பதில் சொல்ல, பலூன்காரன் சிரிப்பான், இதற்குத்தான் அந்த நாற்காலியில் உட்காரவே விடவில்லை, இனி ஜென்மத்துக்கும் விடப்போவதுமில்லை. அத்தான் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் தலை ஆடவில்லை. மெதுவாக எழுந்து, நாற்காலியை மேசைக்குள் தள்ளினார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒரு அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "அத்தான், இதுல மே முப்பத்தொண்ணுன்னு இருக்கே?" என்றேன்.

அத்தான் அட்டையைப் பிடுங்கினார். நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். அது அவர் ஓய்வு பெற்ற தேதி. பரிசு முத்திரை என்பதால் அந்த ஒரே தேதியைத்தான் செதுக்கியிருந்தார்கள், மாற்ற முடியாது. அது அவருக்குத் தெரியும். கை சூடாகிவிட்ட அவசரத்தில் மறந்துவிட்டது. அக்கா போட்ட சத்தத்துக்குக் கலங்காத மனிதர் இப்போது வெளிறிப் போனார்.

"தப்பான தேதி," என்றார். "முப்பத்தாறு தப்பான தேதி. இது வெளிய போகக் கூடாது."

சொல்லிக்கொண்டே அட்டைகளை வாரி அடுக்கி, நடுவில் கிழிக்கப் போனார். அக்கா பாய்ந்து மறுமுனையைப் பிடித்தாள்.

"விடுங்க!"

"விட மாட்டேன். தப்புத் தேதியோட ஒரு தபால் என் கையால போகாது."

"கிழிச்சீங்கன்னா நான் கடைக்கு எதைக் கொண்டு போறது?"

சற்று முன்பு பாழாய்ப் போய்விட்டது என்று தலையில் அடித்துக்கொண்ட அதே அட்டைகளைக் காப்பாற்ற அக்கா மல்லுக்கு நின்றாள். கோபத்தைக்கூட ஒரு ஓரமாக வைத்துவிட்டாள். கடிகாரம் இரண்டரை காட்டியது. நான்தான் பிஸ்கட் டப்பாவை எடுத்து நடுவில் வைத்தேன்.

"ஒவ்வொரு தேதி மேலயும் ஒரு பனிப்பூ ஒட்டிடலாமே."

இருவரும் டப்பாவைப் பார்த்தார்கள். அத்தான்தான் முதலில் பிடியை விட்டார். நின்றபடியே, சின்ன இடுக்கியால் ஒரு பூவை எடுத்து, பசையில் தொட்டு, தேதியின் மேல் வைத்து, விரல் நுனியால் அழுத்தினார். டொம் இல்லை. சத்தமே இல்லை. எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. தன் தப்பை மறைக்கிற கை வேறு எப்படி இருக்கும்? வட்டமும் அலையும் வெளியே தெரிந்தன, தேதி மட்டும் பனிக்குள் போயிற்று.

அக்கா உறைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பாதியில் எண்ணுவதை நிறுத்தி, அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முப்பத்தாறிலும் முத்திரை ஒரே இடத்தில் இருந்தது. கால் வட்டம் பனிமனிதன் மேல், முக்கால் வட்டம் அட்டை மேல், ஒரே சாய்வு. ஒரு நூல் இப்படி அப்படி இல்லை.

மூன்று ஐம்பதுக்குக் கடையில் இருந்தோம். கடைக்காரம்மா நாலைந்தைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்த வட்டம் அடிச்சது யாரு கை? எல்லாம் ஒரே இடத்துல நிக்குதே!"

"எங்க வீட்டுக்காரர்," என்றாள் அக்கா, வேண்டா வெறுப்பாக. ஆனால் சொல்லிவிட்டாள்.

அட்டைகள் கண்ணாடிக்குள் போயின. பலூன்காரர் இரண்டு கடை தள்ளிப் போனார். அத்தான் தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்பே போய், கண்ணாடியில் மூக்கு படும்படி நின்று, எந்தப் பனிப்பூவாவது கழன்று தேதி வெளியே தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். வீட்டில் ரிப்பன் பெட்டி இடது பக்க நாற்காலியில்தான் இருந்தது. அத்தான் இப்போதெல்லாம் மேசையைச் சுற்றுவதில்லை. சோபாவோடு சரி. தண்ணீர் குடிக்கிற சத்தம்கூட மாடிக்கு வரவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. அக்காவிடம் ஒரு வார்த்தை சமாதானமாகச் சொல்லச் சொன்னேன். "நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்றாள். என் அக்காவுக்கு மன்னிப்பு என்பது வாய் வழியாக வராது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அத்தானுக்குத் தபாலில் ஒரு உறை வந்தது. பழக்க தோஷம், முதலில் முத்திரையைத்தான் பார்த்தார்.

"பாதி வட்டம் காணோம். மை தெறிச்சிருக்கு. எவன் அடிச்சான் இதை? தேதி சரி, அது போதும்." என்னிடம் காட்டிப் பத்து நிமிடம் குறை சொன்ன பிறகுதான், முகவரி அக்காவின் கையெழுத்தில் இருப்பதைக் கவனித்தார்.

உள்ளே ஒரு அட்டை. மூலையில் பல் வைத்த தபால்தலை, அதில் பனிமனிதன். முத்திரை இல்லை, இடம் காலியாக விட்டிருந்தது. கூடவே புத்தம் புது முத்திரை ஒன்று வாங்கி வைத்திருப்பதாகவும், அதில் தேதியை மாற்றிக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தாள். அதன் கீழே இரண்டே வரி.

"நாளை காலை ஒன்பது மணிக்கு இடது பக்க நாற்காலியில் பணியில் சேரவும். முதலில் தேதியை மாற்றவும்."

அத்தான் அதை மூன்று தடவை படித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கண்ணையும் துடைத்தார். சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது. அவர் அங்கே போகவில்லை. நேராக அலமாரிக்குப் போய் ஆபீஸ் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு நான் மாடியில் தலை வாரிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து கேட்டது. டொக், டொம். டொக், டொம். அது தண்ணீர் டம்ளர் இல்லை என்று எனக்குத் தெரியும்.