எதிர்ப்பக்கம் சாய்ந்த தையல்

பல்லக்கா செய்து கொடுத்த பற்களை வைத்துக்கொண்டுதான் அந்த ஊரில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். டாக்டர் வாயை அளவெடுத்து அச்சை அனுப்பி வைப்பார். இவள் லேபில் உட்கார்ந்து, இளஞ்சிவப்பு மெழுகை விளக்கில் காட்டி இளக்கி, ஈறு பிடித்து, அதில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு வரிசை பார்ப்பாள். ஊருக்கெல்லாம் சிரிப்பு செய்து கொடுத்தாலும் தான் மட்டும் லேசில் சிரிக்கமாட்டாள். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசிவிட்டால் வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவளுக்குப் பிடித்த பைத்தியத்தைப் பாருங்கள். புடவை, நகை, பாத்திரம் என்று உலகத்தில் எத்தனையோ இருக்க, இவளுக்குக் கத்தி. காய் நறுக்குகிற கத்தியா என்றால் அதுவும் இல்லை. நேபாளத்துக் குக்ரி! உள்பக்கமாக வளைந்து, நுனிப்பக்கம் கனத்து, ஒரே வெட்டில் கட்டையைப் பிளக்கிற சாமான். மற்ற வீடுகளில் குடும்பப் போட்டோ மாட்டுகிற இடத்தில், டி.வி.க்கு மேலே, இவர்கள் வீட்டில் குக்ரிகள் வரிசையாகத் தொங்கின.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் போதும். தரையில் பேப்பரை விரித்து ஒவ்வொன்றாக இறக்குவாள். எண்ணெய்த் துணியால் துடைப்பாள். லாரியின் பட்டை ஸ்பிரிங்கை உலையில் காய்ச்சி அடித்தது இது, கெட்டிலால் வெட்டும் விளிம்புக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி உரமேற்றியது அது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். எல்லாம் கையால் அடித்தவை, ஒன்றைப் போல ஒன்று இருக்காது. பிடிக்குப் பக்கத்தில் விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் வெட்டியிருக்கும். அது எதற்கென்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். உறைக்குப் பின்னால் இரண்டு குட்டிக் கத்திகள், ஒன்று சில்லறை வேலைக்கு, ஒன்று தீட்டுவதற்கு, அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளைகள் மாதிரி செருகியிருக்கும். அவற்றை உருவிப் பார்க்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த உம்மணாமூஞ்சியா இது என்று இருக்கும்.

முதல் குக்ரி பழைய சாமான் கடையில், உடைந்த ரேடியோக்களுக்கு அடியில் கிடைத்தது. அதை அவள் கொண்டுவந்த அன்றைக்கே மாமியார் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டி, இது வீடா, கசாப்புக் கடையா?"

"சும்மா மாட்டி வச்சுப் பாக்கத்தான் அத்தை."

"சும்மா மாட்டி வச்சது ஒருநாள் யார் கையையாவது வாங்கும். அப்ப என்ன பண்ணுவ?"

"இதால இந்த வீட்ல யாருக்காவது ஒரு சொட்டு ரத்தம் வந்தா, எடுத்து வெளிய போட்டுடறேன். இதுக்கப்புறம் ஒண்ணு வாங்கினாலும் அதையும் சேத்துப் போட்டுடறேன். சத்தியம்."

மாமியார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து புதிதாக ஒரு குக்ரி வீட்டுக்குள் வந்தால், "சத்தியம் ஞாபகம் இருக்குல்ல?" என்பதுதான் அதற்கு வரவேற்பு.

இருக்காமல் என்ன? அதனால்தான் யாரையும் தொட விடமாட்டாள். குக்ரியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு வெட்டு விழுவது கத்தியால் வெட்டும்போது இல்லை, உறையிலிருந்து உருவும்போது. உறை என்பது இரண்டு மெல்லிய மரப்பட்டை, மேலே இழுத்துத் தைத்த தோல், அவ்வளவுதான். பழசானால் மரம் விளிம்புப் பக்கம் வாய் பிளந்துவிடும். அப்புறம் கத்திக்கும் விரலுக்கும் நடுவில் இருப்பது வெறும் தையல். அது தெரியாமல் உறையைக் கைப்பிடியாகப் பிடித்துச் சரக்கென்று இழுத்தால், கத்தி தையலை அறுத்துக்கொண்டு நாலு விரலையும் ஒரே கோடாகப் போட்டுவிடும். உறையைக் கத்தியின் முதுகுப் பக்கமிருந்து, இரண்டு பக்கமும் விரலால் பற்றிப் பிடிக்க வேண்டும். விளிம்புப் பக்கம் ஒரு விரல் போகக்கூடாது.

அவள் புருஷன் ஒரு தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். இடதுகைக்காரர். சுபாவத்தில் விளையாட்டுப் பிள்ளை. "எங்க வீட்ல சண்ட வந்தா நான்தான் மொதல்ல மன்னிப்புக் கேப்பேன். செவுத்தப் பாத்தீங்கல்ல?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அவருடைய வலது கை விரல்களில் உள்பக்கமாக ஒரு பழைய தழும்பு ஓடும். கல்யாணமான புதிதில் கத்திரி வழுக்கிவிட்டது என்று கட்டோடு வந்து நின்றார். பல்லக்காதான் தினமும் கட்டு மாற்றினாள். தைக்கிறவனுக்கு விரல் போனால் எல்லாம் போச்சு என்று அப்போது அவள் பட்ட பயம் கொஞ்சநஞ்சமில்லை.

பல்லக்காவைப் போலவே குக்ரிப் பைத்தியம் பிடித்தவர் ஒருவர் உண்டு, ஓய்வு பெற்ற கப்பல் இஞ்சினியர். அவர் வந்தால் இவள் முதலில் எடுத்து நீட்டுவது அந்த முதல் குக்ரியின் உறையைத்தான். அதில் வாய்ப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் மட்டும் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

"பாத்தீங்களா சார்? நேபாள மலையில இருக்கற தோல்காரர் கைவேலை. இப்ப இப்படித் தைக்க ஆளே கிடையாது."

கப்பல்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார், போட்டோ எடுப்பார், "அபூர்வம்மா, அபூர்வம்" என்பார். மாஸ்டர் மட்டும் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விடுவார்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அந்த வாரம் கப்பல்காரர் மூலமாக ஒரு பழைய குக்ரி வந்திருந்தது. கத்தி தங்கம், உறைதான் கண்றாவி. மரம் பிளந்து, நூல் மக்கி, தொட்டால் உதிர்ந்தது. செருப்புத் தைப்பவரிடம் காட்டினாள். "கத்தி உறையா? ஆள விடுங்கம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அப்படியே மாட்டினால் மாமியார் கண்ணில் பட்டுவிடும். அதனால் இந்தப் புத்திசாலி என்ன செய்தாள் தெரியுமா? லேபில் பல் நடுகிற மெழுகைக் கொஞ்சம் கொண்டுவந்து, இளக்கி, பிளவு முழுவதும் பூசினாள். மேலே கறுப்பு ஷூ பாலீஷ் போட்டுத் தேய்த்தாள். கடையிலிருந்து இப்போதுதான் வந்தது மாதிரி ஆகிவிட்டது உறை. நல்ல ஆள் கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று வரிசையின் கடைசி ஆணியில் மாட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை லேபில் கரண்ட் போய், மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கண் சுவருக்குப் போனது. கடைசி ஆணி காலி.

"அத்தை! புதுசா வந்த கத்தி எங்க?"

மாமியார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். "காலையில அவன்தான் துணிப்பையில சுத்திக் கடைக்கு எடுத்துட்டுப் போனான். ஏண்டி மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு? ஐயோ, மறுபடியும் கைய..." என்றவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

பல்லக்காவுக்கு அது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. அவருடைய கடைக்கு வருகிற ஒருவர், ஒரு குக்ரியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் காட்டத்தான் கொண்டுபோயிருக்கிறார் மனுஷன்! காட்டுகிறவர் உருவாமல் காட்டுவாரா? பார்க்க நல்ல உறை. உள்ளே வெறும் மெழுகு. அதுவும் கை சூட்டில் இளகுகிற மெழுகு. கெட்டியாகப் பிடிக்கப் பிடிக்க மெத்தென்று ஆகும். கடவுளே, நான் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்!

போன் அடித்தாள். படுக்கையறையில் சார்ஜரில் கிடந்து அடித்தது அவர் போன். கடை போன் எடுப்பாரில்லை. வீட்டுச் செருப்போடு தெருவில் இறங்கி ஓடி, முனையில் ஒரு ஆட்டோவை மறித்தாள்.

"யாருக்காவது உடம்பு சரியில்லயாம்மா?" என்றார் ஆட்டோக்காரர்.

"இன்னும் ஒண்ணும் ஆகல. சீக்கிரம் போங்க."

அவர் திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை விரட்டினார். சிக்னலில் சிவப்பு விழுந்தது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி, பக்கத்தில் ஒரு பஸ். எறும்பு போக இடமில்லை. பல்லக்கா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணியை நீவி, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, ஒரு நூல் பிசகாமல் வெட்டுகிற கை அவருடையது. அதை நம்பித்தான் அவர் தலை நிமிர்ந்து நடக்கிறார். அது போய்விட்டால், சுவரில் தொங்குகிற அத்தனையையும் உருக்கி ஊற்றினாலும் திரும்ப வராது. சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது, இன்றைக்கு மட்டும் காப்பாற்றிக் கொடு, நானே தூக்கிப் போட்டுவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

கடை மாடியில். படியேறும்போதே மிஷின் சத்தம் காதைப் பிளந்தது. கதவருகில் காஜா எடுக்கிற அம்மா நிமிர்ந்து, "வாங்கக்கா" என்றது. அந்தக் கோடியில், கட்டிங் டேபிள் முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு மாஸ்டர். இடது முழங்கை மெல்ல மெல்லப் பின்னால் வந்துகொண்டிருந்தது. டேபிள் விளக்கில் கத்தி மினுங்கியது. பாதி உருவியாகிவிட்டது.

கத்தக்கூடாது. கத்தினால் திடுக்கிட்டு இழுத்துவிடுவார். அவருடைய வலது கை எப்படிப் பிடித்திருக்கிறது என்று இங்கிருந்து தெரியவில்லை. துணிக்கட்டுகளுக்கு நடுவே சத்தமில்லாமல் நடந்தாள். அவள் போய்ச் சேருவதற்குள் கத்தி முழுவதுமாக வெளியே வந்துவிட்டது.

ரத்தம் இல்லை.

உறையை முதுகுப் பக்கமிருந்து, இரண்டு பக்கமும் விரலால் பற்றியிருந்தார். விளிம்புப் பக்கம் ஒரு விரல் இல்லை. சாட்சாத் அவள் பிடிப்பதைப் போலவே. கத்தியை மடித்த துணிமேல் வைத்துவிட்டுத் திரும்பியவர், அவளைப் பார்த்ததும் திருடன் மாதிரி முழித்தார்.

"நீ எங்க இங்க?"

"மெழுகுங்க... அது வெறும் மெழுகு..." அவளுக்கு மூச்சு வாங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"தெரியும். தையல் விட்டதையே தினம் பாக்கறவன், பாலீஷ் போட்டு மூடினா தெரியாதா எனக்கு? சாயங்காலத்துக்குள்ள தச்சு, ஒண்ணும் தெரியாத மாதிரி மாட்டிடலாம்னு பாத்தேன். உக்காரு, தண்ணி குடி."

டேபிளில் தடித்த ஊசியும், பித்தான் தைக்கிற கறுப்பு நூலும், மெழுகுக் கட்டியும் இருந்தன. உறையின் வாயில் ஏற்கெனவே நாலு விரல்கடை தைத்திருந்தார். மிச்சம் தைக்கக் கத்தி இடைஞ்சலாக இருக்கிறதென்றுதான் உருவியிருக்கிறார். பல்லக்கா குனிந்து அந்தத் தையலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தையலும் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

இடதுகைக்காரர் தைத்தால் அப்படித்தான் சாயும்.

"ஏங்க." தையலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "அந்த மொத உறை?"

மாஸ்டர் நூலை எடுத்து மெழுகில் இழுக்க ஆரம்பித்தார்.

"அந்த மலைக்காரர் தையல்னு நான் எல்லார்கிட்டயும் காட்டுவேனே, அது?"

"பித்தான் நூல்தான். கொஞ்சம் மெழுகு போட்டேன்."

அவள் அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். நாலு விரலிலும் உள்பக்கமாக, ஒரே கோடு. கத்திரி ஒரு விரலைக் கடிக்கலாம், இரண்டைக் கடிக்கலாம். நாலையும் வரிசையாகப் போடுமா? பல் அச்சில் மயிரிழைப் பிசகைக் கண்டுபிடிக்கிறவள், இந்தக் கையை எத்தனை நாள் மடியில் வைத்துக் கட்டு மாற்றியிருக்கிறாள்! அந்த நாளில் அவளுக்குக் கத்தி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. உறையைப் பார்க்கக் கற்றுக்கொண்டதெல்லாம் பிறகுதான்.

"நீ வாங்கிட்டு வந்த மறுநாள். அப்படி என்னதான் இருக்குன்னு உருவிப் பாத்தேன். சொன்னா நீ அதத் தூக்கிப் போட்டுடுவ" என்றார் மாஸ்டர். "விடு, பழைய கதை. அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

பல்லக்கா அந்தக் கையை விடவில்லை. அழுதாள். காஜா எடுக்கிற அம்மா மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும் கோணிப்பையை எடுத்தாள். மாஸ்டர் "ஏம்மா, ஏம்மா" என்று பின்னாலேயே வந்தார். அவள் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக இறக்கினாள். ஒவ்வொன்றை இறக்கும்போதும் நெஞ்சை யாரோ பிடுங்குகிற மாதிரி இருந்தது. கடைசியில் முதல் குக்ரியோடு மாமியார் முன்னால் போய் நின்றாள்.

"அத்தை, சத்தியம் பண்ணினேன்ல. ரத்தம் வந்துடுச்சு. இன்னிக்கு இல்ல, அப்பவே. இவருக்கு அது கத்திரி இல்ல, இதுதான். எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். எல்லாத்தையும் போட்டுடறேன்."

மாமியார் பட்டாணித் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அன்னிக்கு ஒரு சொட்டா வந்துச்சு? இந்தத் தரையத் துடைச்சு, பக்கெட் தண்ணி அப்படியே செவந்து போச்சு. துடைச்சது யாருன்னு நெனச்ச?"

மாஸ்டர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அப்ப ஏன் அத்தை சொல்லல?"

"எப்படிடி சொல்றது? நீ இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம், ஒரு நாள் சிரிச்சு நான் பாத்ததில்ல. ராத்திரியெல்லாம் அதுதான் எனக்குக் கவலை, பொண்ணுக்கு இங்க என்ன குறைன்னு. அந்தக் கழுதைய வாங்கிட்டு வந்த அன்னிக்கு மடியில போட்டுக்கிட்டுச் சிரிச்ச பாரு. மறுநாளே அதத் தூக்கிப் போடுன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

சொல்லிவிட்டு மாமியார் தட்டை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டார்.

"எடுத்ததையெல்லாம் மாட்டுடி. செவுரு மொட்டையா இருக்கு, பாக்கச் சகிக்கல."