என் டிராயரில் இருந்த தம்பியின் கோப்பு

என் தம்பி டெரன்ஸ் இதுவரை வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். தமிழ்ப்பள்ளி ஐந்தாம் ஆண்டில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத்தில் முதலிடம், அதுவும் ஒரு காலணி கழன்றுபோன பிறகு. எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வில் கணிதத்தில் ஏ. எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பாலிடெக்னிக் டிப்ளோமா. பாயான் பாருவில் வாடகை வீடு, பக்கத்துத் தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. பினாங்குப் பாலத்தில் அரை மராத்தான், இரண்டு முறை. மூன்று அறுவை சிகிச்சைகள். மூன்றாவதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. கடைசியாக, வாய் ஓயாத ஓர் அக்காவைப் பதினேழு நிமிடம் பேசாமல் உட்கார வைத்தது. இதை எங்கள் அப்பாவாலும் முடியவில்லை, இரண்டு பங்குச் சாமியார்களாலும் முடியவில்லை.

அந்த அக்கா நான்தான். பெயர் ஜோவான். பள்ளியில் படிவம் ஐந்து வரை படித்தேன். ஜுருவில் கார் உதிரிப் பாகங்கள் விற்கும் கடையில் ஸ்டோர் கிளார்க். எந்த போல்ட் எந்தத் தட்டில், எந்தப் பெட்டியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தத் திறமையைத் தம்பியின் உடம்பிலும் காட்டப் போய்த்தான் இவ்வளவும் நடந்தது. இதை எழுதச் சொன்னதும் டெரன்ஸ்தான். ஆஸ்பத்திரியில் இதே சிகிச்சைக்கு வரும் பெற்றோர்கள் படிக்கட்டும் என்றான். நான் எழுதியதில் மூன்று பக்கத்தை அவனே கிழித்தும் போட்டான்.

டெரன்ஸ் 2001 பிப்ரவரி 22-ல் பிறந்தான். அப்போது எனக்கு எட்டு வயது. ஜார்ஜ்டவுனில் ரைபிள் ரேஞ்ச் பிளாட்டில் பன்னிரண்டாவது மாடியில் இருந்தோம். பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள், பக்கத்து வீட்டு ஹமீதாக்கா அவனுக்குத் துணி மாற்ற அம்மாவுக்கு உதவினார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டு கன்னத்தில் வைத்தார்.

"டோரதி, இங்க பாரு. மலாயிக்கத்து வந்து சுன்னத்து செஞ்சிட்டுப் போயிருக்காங்க. லக்கிப் பிள்ளைலா உன் பிள்ளை!"

மலாயிக்கத் என்றால் வானதூதர். பிறக்கும்போதே முன்தோல் முழுதாக இல்லாத பிள்ளைகளைப் பற்றி முஸ்லிம்கள் அப்படிச் சொல்வது வழக்கம். நாங்கள் கத்தோலிக்கர்கள், சுன்னத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் வானதூதர் என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அப்பா ஆரோக்கியநாதன் உடனே கோயிலுக்குப் போய் ஞானஸ்நானப் பெயரில் கபிரியேலையும் சேர்க்கச் சொன்னார். பிரசவ ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய கடிதத்தைத் திருமண அழைப்பிதழ்களோடு சேர்த்து டிராயரில் போட்டார். வானதூதர் பார்த்துக்கொண்ட விஷயத்தில் டாக்டர் என்ன பார்ப்பது?

அந்தக் கடிதம் ஏழு வருடம் அங்கேயே கிடந்தது. டெரன்ஸ் முதலாம் ஆண்டில் சேரப் பிறப்புச் சான்றிதழ் தேடியபோது என் கையில் கிடைத்தது. அதற்குள் எங்களுக்கும் ஒன்று தெரிந்திருந்தது. அவனால் நின்றபடி சிறுநீர் கழிக்க முடியவில்லை. கால்தான் நனைந்தது. அப்பா அதைச் சோம்பேறித்தனம் என்றார். கடிதத்தில் 'ஹைப்போஸ்பேடியாஸ்' என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்ட டாக்டரின் பெயர் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய், "டாக்டர் ஹைப்போஸ்பேடியாஸைப் பார்க்கணும்" என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த மிஸ்ஸி, அதாவது நர்ஸ், என்னையும் பார்த்தார், கடிதத்தையும் பார்த்தார், பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வர நேரமாயிற்று. சிரித்து முடித்துவிட்டு வந்திருக்கிறார்.

எங்களைப் பார்த்தவர் டாக்டர் மர்ஜானா. அவர் மலாயில் சொன்னதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். ஆண் குழந்தைக்குச் சிறுநீர் வரும் துளை நுனியில் இருக்க வேண்டும். டெரன்ஸுக்கு அது கொஞ்சம் கீழே தள்ளித் திறந்திருந்தது. கருவில் அந்தக் குழாய் ஜிப் போட்டதுபோல ஒரு முனையிலிருந்து மூடிக்கொண்டே வரும். சிலருக்கு முழுக்க மூடாமல் வழியில் நின்றுவிடும். முன்தோலும் அதே காரணத்தால்தான் முழுதாக வளர்வதில்லை. இருநூறு, முந்நூறு ஆண் பிள்ளைகளில் ஒருவருக்கு இப்படி இருக்கும்.

"சுன்னத்து எதுவும் செய்யலியே?" என்று டாக்டர் கேட்டார்.

"வானதூதர் மட்டும்தான்" என்றார் அம்மா. நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

சுன்னத்து செய்யாததே நல்லது, இருக்கிற தோல் குழாய் தைக்கத் தேவைப்படும் என்றார் டாக்டர். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் கொண்டுவந்திருந்தால் பிள்ளைக்கு நினைவேகூட இருந்திருக்காது என்றும் சொன்னார். நான் என் நோட்டை எடுத்து, காரணம் என்ன என்று கேட்டேன். ஹார்மோன், மரபணு என்று சில சொன்னார். பெரும்பாலானவர்களுக்கு இதுதான் என்று காட்ட முடியாது என்றார். எப்போது நடக்கும் என்று கேட்டேன். கர்ப்பத்தின் எட்டாவது வாரத்துக்கும் பதினான்காவது வாரத்துக்கும் இடையில்.

நான் அங்கேயே விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணினேன். பத்தாவது வாரம், 2000 ஜூலை 26-ல் விழுந்தது. நோட்டில் அந்தத் தேதியின் கீழ் இரண்டு கோடு போட்டேன்.

அன்று புனித அன்னாள் திருநாள். புக்கிட் மெர்தாஜாம் கோயிலுக்குக் குடும்பமாகப் போயிருந்தோம். நான் ஒரு நீளமான மெழுகுவர்த்தியை ஏற்றி, எனக்கு ஒரு தங்கச்சி வேண்டும் என்று கேட்டேன். அம்மா வயிற்றில் இருந்தது தம்பி. அன்னாள் என் வேண்டுதலைக் கேட்டு, தம்பியைத் தங்கச்சியாக்கும் வேலையைத் தொடங்கி, தாமதம் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார். கணக்கு அவ்வளவு பொருத்தமாக வந்தது. ஸ்டாக் கணக்கு அப்படி வந்தால் முதலாளி தட்டிக் கொடுப்பார்.

அம்மா டெரன்ஸுக்குக் கால்சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, பதினைந்து வயதுப் பெண் நான், ஒரு முஸ்லிம் டாக்டரிடம் புனித அன்னாளைப் பற்றி அழுதுகொண்டே புகார் கொடுத்தேன்.

டாக்டர் மர்ஜானா கடைசி வரை கேட்டார். "உன் மெழுகுவர்த்திக்கு அவ்வளவு சக்தி இருந்தா, ஒண்ணு ஏத்தி என் வார்டைக் காலி பண்ணிக் குடு. நான் லீவு எடுத்துப் பத்து வருஷமாச்சு" என்றார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, "இது யார் தப்பும் இல்ல. உன் தப்பு இல்ல, அம்மா தப்பு இல்ல. இத நோட்டுல எழுதிக்கோ" என்றார். எழுதிக்கொண்டேன். தேதி போட்டு.

2008 ஜூன் பள்ளி விடுமுறையில் முதல் அறுவை. குழாய் தைத்து, உள்ளே ஒரு மெல்லிய டியூப் வைத்து, எட்டு நாள் கழித்து எடுத்தார்கள். உறுப்பு கீழ்நோக்கி வளைந்திருந்ததும் நேரானது. துளை நுனிக்கு வந்தது. ஆனால் தையல் போட்ட இடத்தில் ஊசிமுனை அளவு ஓர் ஓட்டை விழுந்து அங்கே ஒழுகியது. சிலருக்கு அப்படி ஆகும், ஆறு மாதமாவது ஆறவிட்டுத்தான் மறுபடி தைக்க வேண்டும் என்றார்கள். 2009 மார்ச்சில் தைத்தார்கள். மறுபடியும் திறந்துகொண்டது. இதெல்லாம் யார் தப்பும் இல்லை.

என் தப்பு வேறு. முதல் அறுவைக்குப் பிறகு, டெரன்ஸ் கேட்டபோதெல்லாம் கழிப்பறைக்கு அனுப்பும்படி வகுப்பாசிரியருக்குக் கடிதம் எழுதினேன். 'தம்பிக்கு உடல்நலக் குறைவு' என்று ஒரு வரி போதும். நான் நான்கு பக்கம் எழுதினேன். கிராஃப் தாளில் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, ஒழுகும் இடத்துக்குச் சிவப்பு மையில் அம்பும் போட்டேன். உறையை ஒட்ட மறந்துவிட்டேன். கடிதத்தை ஆசிரியரிடம் கொண்டுபோனவன் வகுப்புத் தலைவன் கோகிலன். ஏழு வயது, எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். ஆனால் படம் பார்க்க எழுத்து தெரிய வேண்டியதில்லை.

"டேய் டெரன்ஸு, பொம்பளப் பிள்ளைங்க டாய்லட் அந்தப் பக்கம்டா!"

அதன்பிறகு டெரன்ஸ் பள்ளியில் எந்தக் கழிப்பறைக்கும் போகவில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தான். கடைசி மணி அடித்ததும் ஒன்றேகால் கிலோமீட்டர் ஓடி வந்து, லிப்ட்டுக்குக் காத்திராமல் பன்னிரண்டு மாடியும் ஏறுவான். மாவட்ட ஓட்டக்காரர் எங்கள் வீட்டில் உருவானது இப்படித்தான். வெற்றிக் கோப்பையோடு வந்தபோது, என் வளர்ப்பு என்று பிளாட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவனிடமே நாங்கள் ஹெர்னியா என்றுதான் சொல்லியிருந்தோம். அவன் மருத்துவக் கோப்பு என் டிராயரில் பூட்டிக் கிடந்தது. பரிசோதனைத் தாள்கள், தேதிகள், வகுப்பாசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகல் எல்லாம் வரிசையாக. 2013-ல் அவனுக்குப் பன்னிரண்டு வயது. மூன்றாவது அறுவைக்கு நாள் கேட்டிருந்தோம். வேலை முடிந்து வந்தபோது என் கட்டிலில் கோப்பு விரிந்து கிடந்தது. சாவி எங்கே இருக்கும் என்று லேபிள் ஒட்டி வைத்திருந்ததும் நான்தான்.

"அக்கா, இது யார் பைலு?"

"உன்னோடதுதான்."

"அப்ப ஏன் உன் டிராயர்ல இருக்கு?"

"பத்திரமா இருக்கட்டும்னுதான்லா."

"ஹெர்னியான்னு சொன்ன."

"சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எப்படிச் சொல்றது?"

"கோகிலனுக்குச் சொன்னியே. படம் போட்டு."

அவன் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. தாள்களை அதே வரிசையில் அடுக்கி மூடினான். "மூணாவது ஆபரேஷன் வேணாம். என் உடம்பு எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும்தான் தெரியல. இனிமே என்னைக் கேக்காம யாரும் ஒண்ணும் செய்யாதீங்க" என்றான்.

அம்மா சரி என்றார். டாக்டர் மர்ஜானாவும் அவசரமில்லை, அவனே வரட்டும் என்றார். நான் ஒருத்திதான் சரி என்று சொல்லவில்லை. அந்த ஓட்டையை மூடுவதா வேண்டாமா, அதை யார் முடிவு செய்வது, இந்த இரண்டும்தான் எங்கள் இருவருக்கும் இடையில் ஐந்து வருடம் நின்றன. நல்ல வார்த்தை சொல்லிப் பார்த்தேன். சண்டை போட்டேன். சாப்பாட்டு டப்பாவில் துண்டுச் சீட்டு வைத்தேன். அவன் நாசி லெமா சோற்றைத் தின்றுவிட்டுச் சீட்டை மட்டும் மடித்துத் திருப்பி அனுப்புவான். அவனுக்காகத்தான் என்று நம்பினேன். பாதி உண்மை. முடியாத கோப்பு ஒன்று டிராயரில் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

பதினெட்டு வயது ஆன வாரம் என் அறைவாசலில் வந்து நின்றான்.

"அக்கா, அந்த பைலைக் குடு."

கொடுத்தேன். ஒரு வாரம் பென்சிலோடு படித்தான். பிறகு சொன்னான்: "அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டேன். திங்கக்கிழமை. நீயும் வா. ஆனா பேசக் கூடாது."

"ஒரு வார்த்தைகூடவா?"

"குட் மார்னிங் சொல்லலாம்."

டாக்டர் மர்ஜானாவின் இடத்தில் இப்போது இருந்தவர் டாக்டர் தனேஷ், நம் தமிழ்ப் பிள்ளை. நான் குட் மார்னிங் சொல்லிவிட்டு உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். டெரன்ஸ் கோப்பைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். முதல் அறுவை எப்போது என்று கேட்டதற்குச் சரியாகச் சொன்னான். இரண்டாவது 2010 என்றான். நான் பைக்குள் கைக்குட்டையை முறுக்கினேன். அவன் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான்.

"அக்கா, ரெண்டாவது எப்போ?"

"2009 மார்ச் 17, செவ்வாய், காலை—"

"போதும்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "தம்பி, செஞ்சே ஆகணும்னு இல்ல. இதோட வாழ்றவங்க இருக்காங்க. ஏற்கெனவே ரெண்டு தடவ தச்ச இடம். பக்கத்துத் திசுவ மேல ஒரு மூடி மாதிரி போட்டுத் தைப்போம். பெரும்பாலும் மூடிடும். மறுபடி திறந்துக்கவும் வாய்ப்பு இருக்கு. முடிவு உன்னோடது."

டெரன்ஸ் தான் எழுதி வந்த கேள்விகளை வரிசையாகக் கேட்டான். டியூப் எத்தனை நாள் இருக்கும், எப்போதிலிருந்து ஓடலாம் என்றெல்லாம். கடைசிக் கேள்வியை மட்டும் தாளைப் பார்க்காமல் கேட்டான்.

"எனக்கு மகன் பொறந்தா அவனுக்கும் வருமா, டாக்டர்?"

"மத்தவங்களவிட வாய்ப்பு கொஞ்சம் கூட. ஆனா பெரும்பாலும் வராது. வந்தா, சீக்கிரமே கொண்டு வா."

நான் ஐந்து வருடம் சீட்டு எழுதினேன். இந்தக் கேள்வி அவன் மனதில் இருந்ததை ஒரு நாளும் கண்டுபிடிக்கவில்லை.

மிஸ்ஸி ஒப்புதல் படிவத்தைக் கொண்டுவந்து, பழக்கதோஷத்தில் என் முன்னால் வைத்தார். "அக்கா, இங்க சைன்." என் கையும் பழக்கதோஷத்தில் பேனாவைத் திறந்தது. அவன் பள்ளிச் சீட்டுகள், சுற்றுலாப் படிவங்கள் எல்லாவற்றிலும் நான்தான் போட்டிருக்கிறேன். அவனுக்குக் கையெழுத்து என்று ஒன்று இருந்ததே இல்லை. பரீட்சைத் தாளில் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுவான், அவ்வளவுதான்.

"அக்கா," என்று கையை நீட்டினான். "பேனா."

மூடியைத் திரும்பப் போட்டு, பிறகு மறுபடியும் கழற்றிக் கொடுத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அவன் படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தான். மிஸ்ஸி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியாக நான் வாய் திறந்து பதினேழு நிமிடம் ஆகியிருந்தது.

பிறகு கையெழுத்துப் போட்டான். முதல் எழுத்தின் மேல்கோடு கட்டத்தைத் தாண்டி அச்சிட்ட வரியின் மேலேயே ஏறிப் போனது. நானாக இருந்தால் வேறு படிவம் கேட்டிருப்பேன். அவன் ஒரு கணம் அதைப் பார்த்தான், அதுவே இருக்கட்டும் என்று விட்டான், கீழே இருந்த கோட்டில் தேதியையும் அவனே எழுதினான்: 11 மார்ச் 2019.