அறுபதால் பெருக்கிய ஆறு மாதம்

மகளின் பிரசவத்துக்காக நானும் வீட்டுக்காரரும் ஆறு மாதம் கனடாவில் இருந்தோம். அவர் கோவையில் கணபதி பகுதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதன் அடக்கவிலை என்ன என்று மனசுக்குள் போட்டுப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. அங்கே போனதும் டாலரை அறுபதால் பெருக்குகிற வேலையும் சேர்ந்துகொண்டது.

முதல் வாரமே கறிவேப்பிலையில் ஆரம்பித்தது. நாலைந்து கொத்து அடைத்த பாக்கெட் இரண்டு டாலர். நம் ஊரில் காய் வாங்கினால் கொசுறாகப் போட்டுக் கொடுக்கிற சாமான். அவர் அதை நகையைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு ரசத்தில் கிடந்த இலையை மாப்பிள்ளை தட்டோரமாக ஒதுக்கினார்.

"அதையும் மென்னு தின்னுபோடுங்க மாப்பிள்ளை. பாக்கெட்டு நூத்தியிருவது ரூவாங்க."

மாப்பிள்ளை சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை மறுபடி தட்டைப் பார்த்துவிட்டு, இலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அடுத்தது முடி. காதை மூடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. வெட்டுவதற்கு முப்பது டாலர் என்றதும் கடை வாசலோடு திரும்பிவிட்டார். அந்தக் காசுக்கு ஊரில் ஒரு வருஷம் வெட்டிக்கொள்ளலாமாம். தான் கொடுப்பதாக மாப்பிள்ளை சொன்னதற்கு, யார் கொடுத்தாலும் ஆயிரத்து எண்ணூறு ஆயிரத்து எண்ணூறுதான் என்றார். அதே முடியோடு நாங்கள் ஊர் திரும்பியபோது, கோவை விமான நிலையத்துக்கு அழைக்க வந்த என் கொழுந்தனார், பக்கத்தில் நின்ற அண்ணனை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் தேடினார். பழனிக்கு ஏதாவது வேண்டுதலா என்று காரில் மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். உண்மையைவிட அது மரியாதையாக இருந்தது.

அதன்பிறகு வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவர் விலைவாசி சொன்னார். தக்காளி இவ்வளவு, பஸ் டிக்கெட் இவ்வளவு. அந்த ஊரில் மனுஷன் பிழைக்க முடியாது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். காபியைக் குடித்துவிட்டு, பையனை அங்கே அனுப்ப என்ன படிப்பு நல்லது என்று விசாரித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்காநல்லூரிலிருந்து அவருடைய அக்கா வந்திருந்தார். அக்காவின் மருமகளும் வெளிநாட்டில்தான், மாசமாக இருக்கிறாள். எல்லா விலையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அங்கே குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார்.

"அது விசாரிக்கலீங்க்கா" என்றார் இவர்.

ஆறு மாதத்தில் அவர் கேட்காமல் விட்ட ஒரே விலை அதுதான். எனக்குத் தெரியும். நாங்கள் கிளம்பும் முன் மகள் ஆள் தேடியபோது, மணிக்கு இருபது டாலர் என்றார்கள். அதுவரை பேரனைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தேன். விலையைக் கேட்ட பிறகுதான் இடுப்பு வலிக்க ஆரம்பித்தது.

அக்காவிடம் சொன்னேன். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் என்றாலே பன்னிரண்டாயிரம் ரூபாய்.

"அப்ப ஆறு மாசத்துக்கு?"

"இருவது லட்சத்துக்கு மேல வருதுங்க. சமையலுக்குத் தனி."

வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சொந்தப் பேரனுக்கு யாராச்சும் கணக்குப் பாப்பாங்களா அம்மணி?"

"கணக்குப் பாக்கலீங்க. பெருக்கித்தான் பாத்தேன்."

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில், பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவ வருகிற அம்மாவிடம், நம் வீட்டுக்கும் வர நேரமிருக்குமா என்று வீட்டுக்காரர் தானாகவே கேட்டார். வருஷக்கணக்காக நான் கேட்டு, ரெண்டு பேர் தின்கிற தட்டுக்கு ஆளா என்று அவர் தட்டிக்கழித்த விஷயம் அது. அந்த அம்மா மாதம் ஆயிரத்து ஐநூறு கேட்டார். இவர் பேரம் பேசவில்லை. மேலே பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். இந்த முறை வகுத்திருக்கிறார்.

"இருவத்தஞ்சு டாலர்தானுங்க ஆகுது, சல்லிசு" என்று அந்த அம்மாவிடமே சொன்னார். அந்த அம்மா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நாளையிலிருந்தே வாங்க என்றேன்.