பச்சைக் குறிக்குக் கீழே ஒரு வரி

பிரவுசிங் சென்டருக்குப் போய் இணையம் பார்த்த காலம் அது. கடியப்பட்டணத்தில் வள்ளம் வைத்திருந்த நண்பன் சேவியர், இடம் காட்டாமல் மக்கர் செய்த ஜி.பி.எஸ். கருவியோடு வந்தான். மீன் கிடக்கும் பாறைகளின் இடங்கள் அதற்குள்தான் இருந்தன. அந்தப் பாயிண்டுகளைக் கடற்கரையில் கூடப்பிறந்தவனுக்குக்கூடக் காட்டமாட்டார்கள்.

"சரியாக்கு மக்கா. பாயிண்ட எட்டிப் பாத்த, கொன்னுருவேன்."

இணைய உதவி மன்றம் ஒன்றில் அதே கோளாறைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தச் சொல்லியிருந்தார்கள். மேலே 'தீர்ந்தது' என்று பச்சைக் குறி.

"தீந்துட்டுன்னு போட்டிருக்குல்லா, அமத்துலே!"

எனக்குச் சந்தேகம். குறியைப் போட்டவர் பதில் சொன்னவரேதான். கேட்டவர் என்ன சொன்னார் என்று கீழே தேடினேன். கடைசியில் எழுதியிருந்தார்: 'கருவி ஓடுகிறது. சேமித்த இடங்கள் எல்லாம் அழிந்துவிட்டன.'

வாசித்துச் சொன்னதும் சேவியர் கருவியைப் பிடுங்கிக்கொண்டான். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பாயிண்டுகளை சிகரெட் அட்டையில் எழுதினான்.

"இங்கோட்டு திரும்பாத, கேட்டியா."

பிறகுதான் அழுத்தினோம். கருவி பிழைத்தது, உள்ளே ஒன்றுமே இல்லை.

தீர்ந்ததா இல்லையா என்பதை, கேள்வி கேட்டவர்தான் சொல்ல வேண்டும். எல்லாம் இழந்த பிறகும் திரும்பி வந்து அந்த ஒரு வரியை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. பச்சைக் குறியைப் பார்த்தால் இன்றும் அவரைத்தான் கீழே தேடுகிறேன்.