மூன்று மணி வெயிலில் மேற்குச் சுவர்

என் மனைவிக்கு சிறுசேரியில் இரவு ஷிப்டு. பகலில்தான் தூக்கம். தாம்பரத்து வாடகை வீட்டில் எங்கள் படுக்கையறை மேற்குப் பக்கம். மதியம் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு புரண்டுகொண்டிருப்பாள். முடிச்சூரில் கட்டும் வீட்டிலும் அவள் அறை மேற்கில்தான் அமைந்தது. அதனால் எலிப்பொறிக் கட்டு என்ற முறையைத் தேர்ந்தெடுத்தோம். செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவார்கள். சுவருக்குள் இடைவெளி விழும். செங்கலும் சிமெண்டும் குறையும், உள்ளே நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும். படித்தது சரி, நம்பிக்கை வரவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் அப்படிக் கட்டிய ஒரு வீட்டின் சுவரைத் தொட்டே பார்த்துவிடலாம் என்று, மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். அன்றைக்குத்தான் எங்கள் மேற்குச் சுவர் வேலையும் தொடங்கியது.

தாம்பரத்தில் 1.50 மின்சார ரயில், டிக்கெட் பத்து ரூபாய். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கும்போது 2.25. அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோ எண்பது ரூபாய் (நூறு கேட்டார்).

"வூடு பாக்க இந்த வெயில்லயா சார்? சாயங்காலமா வந்தா இன்னா?" என்றார் ஆட்டோக்காரர்.

"வெயிலத்தான்ணா பாக்க வந்தேன்" என்றேன். கண்ணாடியில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அந்த வீட்டின் சொந்தக்காரர் செல்வி அக்கா, தையல்கடை வைத்திருப்பவர். மேற்கில் இரண்டு அறைகள். முதல் அறைச் சுவரில் உள்பக்கம் கை வைத்தேன். இட்லிச் சட்டி மூடி மாதிரி சுட்டது. அடுத்த அறையில் அதே செங்கல், அதே வெயில், ஆனால் சுவர் இதமாக இருந்தது.

"மொத ரூம் கட்டுறப்போ நான் ஊர்ல இல்ல தம்பி. மேஸ்திரி நல்ல மனசு. உள்ள காலியா கீதேன்னு கலவையப் போட்டு ரொப்பிட்டாரு. உங்க ஆளுக்கு இப்பவே போன் போடுங்க" என்றார் அக்கா.

போட்டேன். எங்கள் மேஸ்திரி ஏழுமலை உற்சாகமாகவே பேசினார். "நாலு வரி ஏறிடுச்சு சார். சந்து சந்தா வுழுந்துச்சு, எல்லாத்தையும் ரொப்பிகினு வர்றேன். கல்லு மாதிரி நிக்கும்!" அதோடு நிறுத்துங்கள், வருகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

கோபத்தில் ரயிலில் உட்காரக்கூட முடியவில்லை. ஐந்தேகாலுக்கு முடிச்சூர் போய்ச் சேர்ந்ததும் கத்தினேன். "டிராயிங் குடுத்தேனா இல்லையா?"

"குடுத்தீங்க. ஆனா நாளைக்கு எவனாவது சுவரத் தட்டுவான், டொக்கு டொக்குனு கேக்கும். மேஸ்திரி ஏமாத்திட்டான்னு என் பேருதான் கெடும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. குரலைத் தணித்து, என் மனைவி பகலில் தூங்கப்போகும் அறை இது என்றேன்.

"என் வூட்டுக்காரியும் ஆஸ்பத்திரில நைட் டூட்டிதான் சார். எங்களது ஷீட் வூடு. மத்தியானத்துல படுக்க முடியாம எதிர்த்தாப்புல இருக்குற மரத்தடிக்குப் பாயைத் தூக்கிகினு போயிடுவா" என்றார் ஏழுமலை. பிறகு கரணையை எடுத்து, கலவை முழுக்க இறுகுவதற்குள் நாலு வரியையும் அவரே பிரித்தார். ஆளைத் தொடவிடவில்லை. கத்தியதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்படி வீடு கட்ட நினைப்பவர்களே, ஏற்கெனவே கட்டிய வீட்டைக் காலையில் போய்ப் பார்க்காதீர்கள். மே மாதம், மதியம் மூன்று மணிக்கு, மேற்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். தாம்பரத்திலிருந்து போகவர இருநூறு ரூபாய் போதும், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரியிடம் வரைபடத்தைக் கொடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த அறையில் யார், எப்போது தூங்கப்போகிறார்கள் என்றும் சொல்லுங்கள். நான் அதைத்தான் சொல்லாமல் விட்டிருந்தேன்.