பழைய முகவரி

மனைவி இறந்தபின் வீட்டில் நான் ஒருவன்தான். பொழுதுபோக எங்கள் ஆலயத்தின் இணையதளத்தைக் கவனித்துவந்தேன். அதைப் புதிய தளத்துக்கு மாற்றியபோது, பழைய முகவரியில் வருபவர்களைப் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடும் வேலையைச் செய்யவில்லை. பழையதை யார் தேடப்போகிறார்கள் என்ற சோம்பல்தான்.

மறுநாள் இனயம் என்ற கடற்கரை ஊரிலிருந்து ஒரு தாய் போன் செய்தார். கடலுக்குப் போய்த் திரும்பாத மகனுக்கு எங்கள் தளத்தில் இருந்த நினைவுப் பக்கத்தைத் தினமும் திறந்துவைத்து ஜெபிப்பவர்.

"அண்ணே, எம்மோன அங்க காணல்லியே. எடுத்துட்டியளா?"

"இல்லம்மா, இங்கதான் இருக்கான். வாற வழியத்தான் நான் வைக்காம விட்டுட்டேன்."

"அவனுக்குக் கல்லறகூட இல்லண்ணே."

உடனே உட்கார்ந்து எல்லாப் பக்கங்களுக்கும் வழி வைத்துவிட்டு அழைத்தேன்.

"வந்துட்டான்" என்றார். "ஒரு ஜெபமாலை சொல்லுவோமாண்ணே?"

ஒவ்வொரு ஜெபத்திலும் முன்பாதியை அவர் சொல்ல, பின்பாதியை நான் சொன்னேன். மனைவி போனதிலிருந்து இரண்டு பாதியையும் நானேதான் சொல்லிவந்தேன்.